வெளிநாட்டுக் கலியாணமும் ஒரு முள்முருக்குத் தடியும்

கலியாணத்தை மலிவாகச் செய்வதற்கு உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆட்களைக் கூப்பிடாமல் விடவேண்டும். இந்த உண்மையைக் கண்டுபிடிக்கப் புளியடி மக்கள் அனைத்துலக ஒன்றியத்துக்கு ஏழு கூட்டங்களும் மூன்று உபகுழுக்களும் தேவைப்பட்டன. கண்டுபிடிப்புக்கு ‘சிக்கன வெளிநாட்டுத் திருமணத் திட்டம்’ என்று பெயரும் வைத்தார்கள்.

புளியடி தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றியம் அங்கே இல்லை. அது ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறது. அதன் யாப்பின், அதாவது சங்க விதிக்கோவையின், நாலாம் விதிப்படி, ஊரை விட்டுப் போனவர்கள் மட்டுமே ஊர் மக்கள். ஊரிலேயே கிடப்பவர்கள் பயனாளிகள். வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றியத்தார் வந்து பயனாளிகளுக்குக் கொப்பியும் பென்சிலும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போதாத வருஷங்களில் பெரியவர்களையும் வரிசையில் விடுவார்கள்.

அருளம்பலம் ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு கொப்பி வாங்கிய பயனாளி. வெங்காயமும் பீற்றூட்டும் பயிர் செய்து மருதனார்மடம் சந்தையில் விற்கிறவர். அவருக்கும் ஞானாம்பிகைக்கும் ஒரே மகள், ஆரபி. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளைக் கனடாவில் இருக்கும் சுபாங்கனுக்குப் பேசி, போன ஆவணியில் மாப்பிள்ளை வந்து எழுத்தும் முடிந்துவிட்டது. எழுத்து என்றால் பதிவுத் திருமணம். அரசாங்கத்துக்கு அவள் கலியாணமானவள், ஊருக்கு இன்னும் குமர்தான். தாலி ஏறவேண்டும், கூறை உடுக்கவேண்டும், தகப்பன் கைப்பிடித்துக் கொடுக்கவேண்டும்.

அந்தக் கடைசி விஷயம்தான் அருளம்பலத்துக்கு முக்கியம். அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றாறில், யுத்தத்தால் இடம்பெயர்ந்து போன இடத்தில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்துத்தான் அவர் ஞானாம்பிகைக்குத் தாலி கட்டினார். பெண்ணின் தகப்பன் பாதை பூட்டி வேறு பக்கம் அகப்பட்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு தபாற்காரர் எழும்பி வந்து ஞானாம்பிகையின் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவருடைய பெயர்கூடத் தெரியாது. ஞானாம்பிகை அதை இன்றைக்குச் சொன்னாலும் கண் கலங்குவாள். தன் பிள்ளைக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று அருளம்பலம் இருபத்தேழு வருஷமாக நினைத்திருந்தார்.

சுபாங்கனை வளர்த்து ஆளாக்கியது அவன் தாய்மாமன் றஞ்சித். றஞ்சித் ஒன்றியத்தின் தலைவர். அங்கேதான் வந்தது வினை.

முதற் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தொலைபேசித் திரையில் நடந்தது. அருளம்பலம் தொலைபேசியைப் பீற்றூட் மூட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, துவாயைத் தோளில் போட்டபடி நேராக உட்கார்ந்தார். திரையில் இருபத்தாறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு தலை. நடுவில் றஞ்சித் கழுத்துப்பட்டியோடு தோன்றினார்.

“அன்பான உறவுகளே! எங்கடை சனம் கலியாணத்துக்கெண்டு என்ன வீண்கூத்து ஆடுது! ஆயிரம் பேரைக் கூப்பிடுறது, வானத்திலை கமரா பறக்கவிடுறது. இந்தச் சமூகத்தை நாங்கள்தான் திருத்தவேணும். அதுக்கு முன்மாதிரியாய் என்ரை மருமோனின்ரை கலியாணத்தை அறுபது பேரோடை, ஏதாவதொரு வெளிநாட்டுக் கடற்கரையிலை, எளிமையாய்ச் செய்யப்போறம். எளிமை எண்டால் என்னெண்டு உலகம் பார்க்கவேணும். உலகத்துக்குக் காட்டுறதுக்கு ரொறன்ரோவிலையிருந்து நாலு கமராக்காரர் வருவினம்.”

எல்லாத் தலைகளும் கைதட்டின. அருளம்பலம் தொண்டையைச் செருமினார்.

“தம்பி, எங்கையெண்டாலும் செய்யுங்கோ. எனக்கு ஒண்டே ஒண்டுதான். பிள்ளையின்ரை கையை நான்தான் பிடிச்சுக் குடுக்கவேணும்.”

“கட்டாயம் அண்ணை! அது உங்கடை உரிமை. கேதீஸ்வரி, உதைக் கவனத்திலை எடுங்கோ.”

கேதீஸ்வரி லண்டனில் இருப்பவர், ஒன்றியத்தின் செயலாளர். அடுத்த நாளே கூட்டக் குறிப்பு வந்தது. அதில் ஒன்பதாம் பந்தியில், ‘பெண்ணின் தகப்பனார் கை தொடர்பாகக் கருத்துத் தெரிவித்தார். கவனத்தில் எடுக்கப்பட்டது’ என்று இருந்தது. அருளம்பலம் அதை இரண்டுதரம் வாசித்து, மடித்து, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். எழுத்தில் வந்துவிட்டது என்று மனுஷனுக்கு ஒரு நிம்மதி.

பிறகு நாடு தெரிவு செய்யும் உபகுழு வேலையில் இறங்கியது. பத்துப் பேர் பாலிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் நின்று கள ஆய்வு செய்தார்கள். அதே பத்துப் பேர் தாய்லாந்துக்கும் போனார்கள். அரைக்காற்சட்டையோடு இளநீர் குடிக்கும் படங்கள் வந்துகொண்டேயிருந்தன. முடிவில் அறிக்கை வந்தது: ‘இரண்டு நாட்டிலும் கடல் உண்டு. மேலும் ஆய்வு தேவை.’

இந்த இடைவெளியில் அருளம்பலம் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். ஞானாம்பிகை சொல்லி, சீவியத்தில் முதன்முறையாக ஒரு நீளக்காற்சட்டையும் தைப்பித்தார். அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்து பழகியபோது நாய் குரைத்தது.

கடவுச்சீட்டு வந்த கிழமையே விருந்தினர் தகைமைப் படிவமும் வந்தது. அறுபது இடங்களுக்கு நூற்றுத் தொண்ணூறு பேர் விண்ணப்பித்திருந்ததால், புள்ளி போட்டுத்தான் எடுப்பார்களாம். சித்தியடைய, அதாவது தேற, நாற்பது புள்ளி வேண்டும். கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை தரம் விமானத்தில் ஏறினீர்கள்? கடற்கரை உடை உண்டா? மணமக்களுக்கு நீங்கள் என்ன முறை: நெருங்கியவர், மிக நெருங்கியவர், அனுசரணையாளர்? அருளம்பலம் ‘மிக நெருங்கியவர்’ என்பதில் அழுத்திச் சரி போட்டார். ஆனால் அதற்கு எட்டுப் புள்ளிதான். காசு போடுகிற அனுசரணையாளருக்கு முப்பது.

முடிவு வந்தது. அருளம்பலம் முப்பத்தொரு புள்ளி. ஞானாம்பிகைக்குப் பலகாரம் சுடத் தெரியும் என்பதால் முப்பத்துநாலு. இரண்டு பேரும் காத்திருப்போர் பட்டியலில். றஞ்சித்தின் பல் வைத்தியர் எழுபத்திரண்டு புள்ளி எடுத்து முதற் பத்துக்குள் வந்திருந்தார்.

“ஆரப்பா உந்தப் பல் வைத்தியர்?” என்று ஞானாம்பிகை கேட்டாள்.

“ஆரோ, அடிக்கடி பிளேனிலை ஏறுறவர் போலை.”

“நீங்கள் அந்தச் சாமிப்படத்துக்குப் பின்னாலை வைச்ச கடுதாசியை எடுத்துக்கொண்டு கதையுங்கோவன்!”

அவர் கதைத்தார். மருமகனாக வரப்போகிறவனிடம்தான் முதலில் கதைத்தார். சுபாங்கன் தங்கமான பிள்ளை. தன்பாட்டில் ஒரு தேத்தண்ணி குடிப்பதென்றாலும் மாமனைக் கேட்டுத்தான் குடிப்பான். “நான் றஞ்சித் மாமாவோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் மாமா” என்றான். கதைத்ததன் விளைவு ஐந்தாம் கூட்டத்தில் தெரிந்தது. பெண்ணின் தகப்பனுக்கு இடம் கிடைக்காத பட்சத்தில், ஊரின் சார்பில் தலைவரே பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுப்பார் என்று தீர்மானம் வந்தது.

ஞானாம்பிகை தொலைபேசியைப் பறித்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். “தம்பி றஞ்சித், நீங்கள் மாப்பிளைப் பகுதி. மாப்பிளைப் பகுதியே பொம்பிளையைக் குடுத்து, மாப்பிளைப் பகுதியே வாங்குறதோ? இதென்ன புதினம்?”

“அக்கா, இதுதான் சிக்கனம்! ஒரு ஆள், இரண்டு வேலை. உங்கடை உணர்வை நாங்கள் மதிக்கிறம். கேதீஸ்வரி, அக்காவின்ரை உணர்வையும் கவனத்திலை எடுங்கோ.”

இப்படியே போயிருந்தால் கலியாணம் பாலியில் முடிந்திருக்கும். அருளம்பலம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றிருப்பார். ஒரு தடி குறுக்கே வந்தது.

எங்கள் கலியாணங்களில் கன்னிக்கால் ஊன்றுவது என்று ஒரு சடங்கு. முள்முருக்கு எனப்படும் கலியாண முருங்கையில் தடி ஒன்றை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நடவேண்டும். அது இல்லாமல் ஐயர் வாய் திறக்கமாட்டார். இதற்கென்று ஒன்றியத்தில் ஒரு பண்பாட்டு உபகுழு இருந்தது. அதற்கும் கேதீஸ்வரியே தலைவி.

“ஊரிலை இருக்கிற ஆக்கள் பண்பாட்டைக் கைவிட்டிட்டினம்” என்று ஆறாம் கூட்டத்தில் அவர் குரல் தழதழத்தது. “நாங்கள் லண்டன் குளிருக்குள்ளை இருந்துகொண்டு உதுகளைக் கட்டிக் காக்கிறம். கன்னிக்காலுக்கு எங்கடை செம்மண்ணிலை முளைச்ச முள்முருக்குத்தான் வேணும். பிளாஸ்ரிக் தடி வைக்க நான் உயிரோடை இருக்கும்வரை விடமாட்டன். என்ரை மகளின்ரை கலியாணத்துக்குப் பிளாஸ்ரிக் வைச்சது வேறை விசயம். அது மண்டபக்காரர் இனாமாய்த் தந்தது.”

கடிதங்கள் பறந்தன. உயிருள்ள முள்மரம் நாட்டுக்குள் வராது என்று ஓரிடத்திலிருந்து மறுமொழி வந்தது. வரலாம், ஆனால் தடியை முப்பது நாள் தனியறையில் வைத்துக் கண்காணிக்கவேண்டும் என்று இன்னோரிடத்திலிருந்து வந்தது. தடியோடு கூட நிற்பதற்குப் பத்துப் பேர் உடனே முன்வந்தார்கள். அதே பத்துப் பேர்தான். ஆனால் முப்பது நாளில் தடி பட்டுப்போய்விடும் என்று அருளம்பலம் சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஒரே வார்த்தை அதுதான்.

ஏழாம் கூட்டத்தில் சூரிச் கிளைக்காரர் ஒருவர் எல்லா நிபந்தனைகளையும் கணினியில் போட்டார். கடல் வேண்டும், மலிவாக இருக்கவேண்டும், ஐயர் கிடைக்கவேண்டும், முள்முருக்கை உள்ளே விடவேண்டும். கணினி ஒரேயொரு நாட்டைத்தான் காட்டியது. இலங்கை.

றஞ்சித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இலங்கை வெளிநாடோ?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

“எங்கடை பாஸ்போட்டுப்படி பார்த்தால் வெளிநாடுதானே!” என்றார் றஞ்சித். ஒன்றியத்தார் ஒவ்வொருவராகக் கடவுச்சீட்டை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தார்கள். ஒன்றாவது இலங்கைக் கடவுச்சீட்டு இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புளியடியிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், தூரத்தில், கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஒரு விடுதி தெரிவானது. கள ஆய்வு தேவையா என்று பத்துப் பேரும் கேட்டார்கள். ஊர்தானே, வேண்டாம் என்றார் தலைவர்.

அருளம்பலத்துக்குத் தலைகால் தெரியவில்லை. நீளக்காற்சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பட்டு வேட்டியை எடுத்து வெயிலில் போட்டார். “விடிய வெளிக்கிட்டுச் சைக்கிளிலை போனால் அரை மணித்தியாலம். உலகத்திலை இப்பிடி ஆருக்கும் வெளிநாடு அமையாது!” என்று சந்தையில் எல்லோருக்கும் சொன்னார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. திட்டத்தின் பதினோராம் விதி அதில் தடித்த எழுத்தில் இருந்தது. விருந்தினர் அனைவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாகவே இருத்தல் வேண்டும். உள்ளூரவர் விருந்தினராக வந்தால் அது வெளிநாட்டுத் திருமணம் ஆகாது, வெறும் கலியாணமாகிவிடும். மணமகளுக்கு மட்டும் விசேட விலக்கு. அவளுடைய விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருப்பதால் அவள் கனடாக்காரியாகக் கருதப்படுவாள்.

கடிதத்தின் அடியில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. ‘தங்கள் வேலியிலுள்ள முள்முருக்கு எமது கன்னிக்காலுக்குத் தெரிவாகியுள்ளது. வாழ்த்துக்கள். தங்களை உள்ளூர் வழங்குநராகப் பதிவு செய்துள்ளோம்.’ ஞானாம்பிகை பலகார வழங்குநர்.

“வேலி சித்தி, வேலிக்காரன் சித்தியில்லை” என்றார் அருளம்பலம். பகிடியாகத்தான் சொல்ல வெளிக்கிட்டார். சொல்லி முடிக்கையில் குரல் உடைந்துவிட்டது. மகளைப் பெற்று, தோளில் போட்டு வளர்த்து, மூன்று கட்டைக்கு அப்பால் நடக்கிற அவளுடைய கலியாணத்துக்குப் போக வழியில்லை என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் தாங்கும்? கடிதத்தைக் கசக்கி எறிந்தார், பிறகு தானே போய்ப் பொறுக்கி எடுத்தார்.

ஆரபி அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். “அப்பா, நீங்கள் வராட்டி நான் மணவறையிலை இருக்கமாட்டன். இருந்தாலும் கையை நீட்டமாட்டன். ஆர் வந்து பிடிக்கினம் எண்டு பாப்பம்.”

“விசர்க்கதை கதையாதை பிள்ளை. எழுத்து முடிஞ்ச காரியம். நான் எப்பிடியும் உள்ளுக்கு வருவன்.”

எப்படி என்று அவருக்கே தெரியாது.

கலியாண நாள் வந்தது. சிக்கனத்தை முன்னிட்டுப் பொன்னுருக்கு, கன்னிக்கால், தாலிகட்டு எல்லாம் ஒரே காலைக்குள் அடக்கப்பட்டிருந்தன. முகூர்த்தம் பத்து நாற்பதுக்கு. அருளம்பலம் பட்டு வேட்டி கட்டி, முள்முருக்குத் தடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்கே விடுதி வாசலில் இறங்கினார். பலகாரம் நிறைந்த ஓலைக் கடகங்களோடு ஞானாம்பிகை முதலே ஓட்டோவில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வாசலில் இரண்டு வழி. ஒன்றில் விருந்தினருக்குக் கையில் பச்சைப் பட்டி கட்டி, சந்தனம் பூசி, இளநீர் கொடுத்தார்கள். மற்றதில் காவலாளி அடைக்கலநாதன் ஒரு பெரிய கொப்பியோடு நின்றார். அவரும் அருளம்பலத்தின் வயதுக்காரர்தான். ‘வழங்குநர்’ என்று எழுதிய அட்டை ஒன்றை எடுத்து அருளம்பலத்தின் கழுத்தில் மாட்டினார்.

“என்ன சாமான் அண்ணை?”

“கன்னிக்கால்.”

“பதிஞ்சு போட்டுக் கொண்டுபோய்க் குடுங்கோ. குடுத்துக் கையெழுத்து வாங்கின உடனை வெளியிலை வந்திடவேணும். குடுக்கும்வரைக்கும் உள்ளுக்கு நிக்கலாம். உது அவையின்ரை சட்டம், என்னைக் கோவியாதேங்கோ.”

“குடுக்கும்வரைக்கும் நிக்கலாமோ?”

“ஓம். சாமானைக் குடுக்காமல் வழங்குநர் வெளியிலை போகவும் ஏலாது. அங்கை பலகையிலை போட்டிருக்கு, பாருங்கோ.”

அருளம்பலம் பலகையை வாசித்தார். ஏழு கூட்டக் குறிப்புகள் வாசித்த மனுஷன். விதிகளோடு எப்படிக் கதைப்பது என்று அவருக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. பேனையை வாங்கினார். முதல் வரியில், ‘முள்முருக்குத் தடி, ஒன்று, உடன்’ என்று எழுதினார். கொஞ்சம் நின்றார். இரண்டாம் வரியில், ‘பொம்பிளை, ஒன்று, ஒப்படைக்கும் நேரம் 10.40’ என்று வடிவான எழுத்தில் எழுதினார்.

அடைக்கலநாதன் கொப்பியைத் திருப்பி வாசித்தார். பிறகு நிமிர்ந்து அருளம்பலத்தின் முகத்தையும் பட்டு வேட்டியையும் பார்த்தார். “எனக்கும் இரண்டு பொம்பிளைப் பிள்ளையள் அண்ணை” என்றார். “கொப்பியையும் கையோடை கொண்டுபோங்கோ. கையெழுத்து வாங்கவேணுமெல்லே.”

மண்டபத்தில் எளிமை கண்ணைப் பறித்தது. நாலு கமராக்காரரும் ஐயருக்கு, எந்தப் பக்கம் திரும்பி மந்திரம் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பல் வைத்தியர் முன்வரிசையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னிக்காலைக் கொடுத்துவிட்டு அருளம்பலம் ஒரு தூணோரம் நின்றார். கேதீஸ்வரி இரண்டுதரம் வந்து, “சாமான் குடுத்தாச்சுத்தானே அண்ணை?” என்று கேட்டார். இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவர் கொப்பியைக் காட்டினார். கேதீஸ்வரி வாசிக்கவில்லை. பதிந்திருந்தது, அது போதும் அவருக்கு.

பத்து நாற்பதுக்கு ஐயர் குரல் கொடுத்தார். “பொம்பிளையின்ரை தகப்பன் வாங்கோ.”

றஞ்சித் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். மறுபக்கத்தால் அருளம்பலமும் மணவறைக்கு ஏறினார். கழுத்தில் அட்டை, கக்கத்தில் கொப்பி.

“அண்ணை, வழங்குநர் மணவறைக்கு வரக்கூடாது” என்று றஞ்சித் பல்லைக் கடித்தபடி சொன்னார். கமராக்கள் நாலும் திரும்பின.

“சாமானைக் குடுக்காமல் வெளியிலை போகவும் ஏலாது தம்பி. உங்கடை சட்டம்தான்.” அருளம்பலம் கொப்பியை விரித்துக் காட்டினார். “பதிவைப் பாருங்கோ. இரண்டாவது வரி.”

றஞ்சித் வாசித்தார். கேதீஸ்வரியும் ஓடிவந்து வாசித்தார். விதியில் பிழை பிடிக்க இரண்டு பேராலும் முடியவில்லை. விதியை எழுதியவர்களே அவர்கள்தானே. மணவறையில் பட்டுச் சேலைக்குள் இருந்து ஆரபி கலகலவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையைத் தகப்பன் பக்கம் நீட்டினாள்.

அருளம்பலம் மகளின் கையைப் பிடித்தார். அந்தக் கை சின்னதாக இருந்த காலம் எல்லாம் ஒருமிக்க வந்து கண்ணால் வழிந்தது. பலகாரத் தட்டோடு ஓரத்தில் நின்ற ஞானாம்பிகை, தட்டை யாரோ ஒருவரின் மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அருளம்பலம் அந்தக் கையைச் சுபாங்கனின் கையில் வைத்தார். ஐயர் தண்ணீர் வார்த்தார். பிறகு அருளம்பலம் கொப்பியையும் பேனையையும் நீட்டினார்.

“ஒரு கையெழுத்துப் போடுங்கோ தம்பி. நல்ல நிலையிலை பெற்றுக்கொண்டன் எண்டு.”

சுபாங்கன் பழக்கதோஷத்தில் மாமனைத் திரும்பிப் பார்த்தான்.

“அங்கை என்ன பார்வை? போடுங்கோ” என்றாள் ஆரபி.

போட்டான்.

கையெழுத்து விழுந்ததும் விதி தன் வேலையைச் செய்தது. வழங்குநர் வெளியேறவேண்டும். தாலி கட்டும்போது கொட்டிய கெட்டிமேளத்தை அருளம்பலம் வாசலில், அடைக்கலநாதனின் கதிரையில் இருந்துதான் கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஞானாம்பிகையும் வெறுங் கடகத்தோடு வெளியே வந்தாள். சாப்பாடு விருந்தினருக்கு மட்டும். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய், வழியில் இறங்கி, ஒரு கடையில் வடையும் தேத்தண்ணியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒன்றியத்தின் மதிப்பீட்டு அறிக்கை வந்தது. முன்மாதிரித் திருமணம் மகத்தான வெற்றி. வழங்குநர் பகுதியில் இப்படி இருந்தது: ‘முள்முருக்குத் தடி, தரம் நன்று. மணமகள், தரம் நன்று, குறித்த நேரத்தில் ஒப்படைக்கப்பட்டார். ஒப்படைக்கையில் வழங்குநர் அழுதது ஒளிப்பதிவில் விழுந்துள்ளது, இனி இது தவிர்க்கப்படல் வேண்டும். எனினும் இவ்வழங்குநரை அடுத்த முன்மாதிரித் திருமணத்துக்கும் பரிந்துரைக்கிறோம்.’

அருளம்பலம் அதை ஞானாம்பிகைக்கு வாசித்துக் காட்டினார்.

“எங்களிட்டை இருந்தது ஒண்டுதானே” என்றாள் அவள். “அதையும் குடுத்தாச்சு. அப்பிடியே எழுதிவிடுங்கோ.”

அவர் அப்படியே எழுதிவிட்டார். மறுநாள் மறுமொழி வந்தது.

‘கவனத்தில் எடுக்கப்பட்டது.’